ஜிகினா சட்டையும் அம்மாவின் நகையும்

டாக்டர் ட்ரேயைத் தெரியாத ராப் ரசிகர் இருக்க முடியாது. ஸ்னூப் டாக், எமினெம்னு ஒரு பெரிய கும்பலையே உலகத்துக்குக் காட்டின தயாரிப்பாளர். போட்டோவுல சிரிக்கவே மாட்டார். ஆனா அவரோட 80கள் போட்டோ ஒண்ணு இருக்கு, தேடிப் பாருங்க. ஜிகினா வச்ச வெள்ளை உடை, கழுத்துல ஸ்டெதஸ்கோப்! நம்மூர் ரெக்கார்டு டான்ஸ் மேடையில அப்படியே ஏத்தி விட்டுடலாம் :-)

அப்போ அவர் இருந்த குழு பேரு 'வேர்ல்ட் க்ளாஸ் ரெக்கின் க்ரூ'. லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கம் 'ஈவ் ஆஃப்டர் டார்க்'னு ஒரு நடன கிளப். அதை நடத்தின அலோன்சோ வில்லியம்ஸ் ஆரம்பிச்ச குழு இது. ட்ரம் மெஷின், சிந்தசைசர் வச்சு ஆட வைக்கிற எலக்ட்ரோ இசை. 1984ல் வந்த 'சர்ஜரி' பாட்டைக் கேட்டா, ட்ரே இசைத்தட்டைத் தேய்க்கிற சத்தம் கேட்கும். அந்தக் கிளப்போட பின்னறையில நாலு டிராக் பதிவுக் கருவி ஒண்ணு இருந்தது. ஒலிப்பதிவுங்கிற வேலையை ட்ரே அங்கதான் பழகினார். 1988ல் 'ஸ்ட்ரெய்ட் அவுட்டா காம்ப்டன்', 1992 டிசம்பரில் 'தி க்ரானிக்' எல்லாம் அதுக்கப்புறம் வந்தவை. 1993ல் பழைய கூட்டாளி ஈஸி-ஈ சண்டை போட்டப்போ, அந்த ஜிகினா போட்டோவையே தன் இசைத்தட்டில் போட்டு மானத்தை வாங்கினார்.

அதே 1992ல், 'க்ரானிக்' வர நாலு மாசம் முன்னாடி, ஆகஸ்ட்ல நம்ம ஊர்ல என்ன வந்தது? 'ரோஜா'. "முதல் படத்துலயே தேசிய விருது வாங்கின பையன்"னு இன்னிக்கும் சொல்றோம். முதல் படம்ங்கிறது உண்மைதான். ஆனா அந்தப் பையன் அதுக்கு முன்னாடி பத்து வருஷத்துக்கு மேல வேலை பார்த்திருந்தார்.

அப்போ அவர் பேரு திலீப். அப்பா ஆர்.கே.சேகர் 1976ல் இறந்தப்போ வயசு ஒம்பது. அப்பா விட்டுப்போன இசைக்கருவிகளை வாடகைக்கு விட்டுத்தான் குடும்பம் நடந்தது. பதினோரு வயசுலேர்ந்தே கீபோர்டு வாசிக்கக் கிளம்பிட்டார். எம்.கே.அர்ஜுனன், இளையராஜா, ராஜ்-கோட்டி என்று வரிசையாகப் பலருக்கு வாசித்தார். பள்ளிப்படிப்பு பாதியில் நின்றது.

பகல்ல அடுத்தவங்க பாட்டு. சொந்த ஆசைக்கு நண்பர்களோட 'ரூட்ஸ்'னு ஒரு குழு. டிரம்ஸ் சிவமணி, கிடார் ஜான் ஆண்டனி, கூட சுரேஷ் பீட்டர்ஸ், ஜோஜோ, ராஜா. 'நெமிசிஸ் அவென்யூ'ன்னு இன்னொரு ராக் குழுவும் உண்டு. சினிமாப் பாட்டைத் தவிர வேற எதுவும் விற்காத சென்னையில இதுல காசு எங்கேருந்து வரும்? வயித்துப்பாட்டுக்கு விளம்பர இசை. அரை நிமிஷத்துல கேட்கிறவன் மனசுல ஒட்டணும்ங்கிற பயிற்சி அங்க கிடைச்சது.

அந்தக் குழுவோட பலன் நம்ம வரைக்கும் வந்திருக்கு. எங்க வளையமாதேவி கோயில் திருவிழா மைக் செட்டுல, நெய்வேலி சுரங்க மிஷின் சத்தத்தையும் மீறி 'பேட்டை ராப்' அலறிக் கேட்டு வளர்ந்தவன் நான். 1994 'காதலன்' படப் பாட்டு. அதுல தேனி குஞ்சரம்மாள், சாகுல் ஹமீதோட சேர்ந்து ராப் பாடினது யாரு? அதே ரூட்ஸ் சுரேஷ் பீட்டர்ஸ். 1993ல் 'ஜென்டில்மேன்' படத்துல சிக்குபுக்கு ரயிலை ஓட்டினவரும் அவரேதான். தமிழ் சினிமா ராப், காசு வராத அந்தக் குழு நட்புலேர்ந்து வந்ததுன்னு நான் சொல்வேன்.

இன்னொரு சங்கதி. 1989ல் கோடம்பாக்கம் வீட்டுக் கொல்லையில 'பஞ்சதன்' ஸ்டுடியோவைக் கட்டியாச்சு. உள்ள வைக்கக் கருவி வாங்கப் பணமில்லை. அம்மா தன் நகையைக் கொடுத்தார். வந்தது ஃபாஸ்டெக்ஸ் 16 டிராக் ரெக்கார்டர். ட்ரேவுக்கு கிளப்போட பின்னறைன்னா இவருக்கு வீட்டோட பின்பக்கம். ரெண்டு பேருக்கும் தேவைப்பட்டது ஒண்ணேதான்: மணிக்கணக்கு வாடகை இல்லாம, ராத்திரி முழுக்கத் தப்புத் தப்பா செஞ்சு பார்க்க ஒரு அறையும் ஒரு மிஷினும்.

ட்ரேயோட ஆரம்ப வருஷங்களைக் கிண்டல் பண்ணி ஒதுக்கினாங்க. ரஹ்மானோடதை நாம "ஒரே படத்துல உச்சம்"னு கதை சொல்லியே மறைச்சுட்டோம். ரெண்டுமே அநியாயம். எங்க அலுவலகத்துல ராத்திரி அடுத்தவன் எழுதின கோடைத் திருத்திட்டு, "இதெல்லாம் வீண்"னு புலம்பற தம்பிங்க நிறைய பேர் இருக்காங்க. அவங்களுக்கு மேதை கதை எதுக்கும் உதவாது. கூலிக்கு கீபோர்டு வாசிச்ச திலீப் கதைதான் உதவும். நகையை நம்பிக் கொடுத்த அந்த அம்மா கதை, அந்தத் தம்பிங்களோட அப்பா அம்மாவுக்கு.