மரமும் வானமும்



மரம் ஒன்றின் நிழற்படத்தை எடுத்துக்கொள்வோம். மரத்தின் பின்னே வானம் தெரிகிறது. நமக்கு மரம் மட்டும் வேண்டும், வானம் வேண்டா. கத்தரிக்கோலால் வெட்டி எடுத்துவிடலாமே என்று தோன்றும். வெட்டத் தொடங்கிய பின்னரே மரத்துக்கு எல்லைக்கோடு என்ற ஒன்று இல்லை என்பது விளங்கும். அடிமரத்தைச் சுற்றிக் கத்தரிக்கோல் எளிதிற் செல்லும், கிளைகளில் தயங்கும், இலைகளிடையே நின்றேவிடும். இலைக்கும் இலைக்கும் நடுவே எண்ணிறந்த சாளரங்கள். சாளரந்தோறும் ஒரு துண்டு வானம்.

இக்காலத்தில் கணிப்பொறி விளையாட்டுகளை ஆக்குவோர்க்கும், திரைப்படக் கலைஞர்க்கும், கட்டடங்களின் தோற்றத்தை முன்கூட்டியே வரைந்து காட்டுவோர்க்கும் இத்தகைய மரப்படங்கள் வேண்டியிருக்கின்றன. மரம் தெரிய வேண்டும். மற்ற இடம் கண்ணாடிபோல் ஒளி புகுவதாய் இருக்க வேண்டும். அப்பொழுதுதான் எந்த மலைக்கு முன்னும், எந்த மாளிகைக்கு அருகிலும் அதனை நாட்டலாம். பட மென்பொருள் பழகிய மாணவன் இதனைச் சிறிது நேரத்தில் செய்துவிடுகிறான். ஆயினும் அவன் கையிலுள்ள அக்கருவிக்குள் நூற்றறுபது ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு அடங்கியிருக்கிறது. அவ்வரலாற்றையே இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

கதை பிரான்சு நாட்டில் தொடங்குகிறது. 1850-களில் கண்ணாடித் தகட்டில் கொலோடியன் என்னும் பசையைப் பூசி நிழற்படம் எடுத்தனர். அப்பூச்சுக்கு ஒரு குறை இருந்தது. நீல ஒளியை அது மிகுதியாக ஏற்கும். பச்சையையும் சிவப்பையும் ஏறக்குறைய ஏற்காது. ஆகவே, நிலத்திலுள்ள மரஞ்செடிகள் தெளிவாக விழும்வரை காத்திருந்தால், வானம் ஒளி மிகுந்து வெறும் வெள்ளையாகிவிடும். மேகம் ஒன்றேனும் தெரியாது. குஸ்தாவ் லெ கிரே என்ற கலைஞர் இதற்கு ஒரு வழி கண்டார். கடலுக்கு ஒரு நெகடிவ், வானுக்கு ஒரு நெகடிவ் என இரண்டு எடுத்து, இரண்டையும் ஒரே தாளில் அச்சிட்டார். 1857-இல் அவர் ஆக்கிய ‘பேரலை’ என்னும் படம் அவ்வகையினது.

அவர் கடலைத் தேர்ந்தது ஏன்? கடலும் வானும் கூடுமிடம் ஒரு நேர்கோடு. அக்கோட்டின் வழியே இரு படங்களையும் இணைப்பது எளிது. வானை ஊடுருவி நிற்கும் மரமோ அவ்வாறு இணைய இடந்தராது. கடலைப் பிரிப்பது கோடு போடும் வேலை. மரத்தைப் பிரிப்பது பின்னம் போடும் வேலை. இதன் பொருளைப் பின்னர்க் காண்போம்.

அதே ஆண்டில் இங்கிலாந்தில் ஆஸ்கார் ரெய்லாண்டர் என்பவர் முப்பதுக்கும் மேற்பட்ட நெகடிவ்களை இணைத்து ‘வாழ்வின் இரு வழிகள்’ என்ற பெரும்படத்தை ஆக்கினார். விக்டோரியா அரசியார் அதன் படியொன்றை வாங்கினார். அடுத்த ஆண்டில் ஹென்றி பீச் ராபின்சன், ஐந்து நெகடிவ்களைக் கொண்டு, உயிர் பிரியும் நிலையிலுள்ள ஓர் இளம்பெண்ணைச் சுற்றி உறவினர் இருக்கும் காட்சியை அமைத்தார். நிழற்படம் என்றால் நடந்ததைக் காட்டுவது என்றே அந்நாள் மக்கள் நம்பினர். நடவாத காட்சியை நடந்ததுபோலத் தைத்துக் காட்டலாமோ என்ற வழக்கு அன்றே எழுந்தது. 1889-இல் வெளிவந்த தம் நூலில் பீட்டர் ஹென்றி எமர்சன் இவ்வொட்டு வேலையைக் கடுமையாகத் தாக்கினார். அவ்வழக்கு இன்றும் முடிந்தபாடில்லை.

திரைப்படம் தோன்றியதும் வேலை பன்மடங்காயிற்று. 1898-இல் ஜார்ஜ் மெலியே கரிய திரைக்கு முன் நடித்து, ஒரே படச்சுருளில் பன்முறை ஒளி விழச்செய்து, தம் தலையைத் தாமே கழற்றி மேசைமேல் வைப்பதாகக் காட்டினார். 1918-இல் அமெரிக்காவில் பிராங்க் வில்லியம்ஸ் நடமாடும் உருவத்தோடு தானும் நடமாடும் மறைப்புக்குக் காப்புரிமை பெற்றார். 1940-இல் வெளிவந்த ‘பாக்தாத் திருடன்’ படத்தில் லாரன்ஸ் பட்லர் நீலத்திரையைக் கையாண்டு, அதற்காக ஆஸ்கார் பரிசும் பெற்றார். மனிதரின் தோலில் நீலம் குறைவு. ஆகவே நீலத்தை வைத்தே ஆளையும் பின்னணியையும் பிரித்தறியலாம் என்பது அம்முறையின் அடிப்படை. ஆயினும் பறக்கும் கூந்தலும், புகையும், கண்ணாடிக் குவளையும் அதற்கு எளிதில் அகப்படவில்லை. பெட்ரோ விலாகாஸ் என்பவர் 1959-இல் வெளிவந்த ‘பென்-ஹர்’ படத்துக்காக அமைத்த திருந்திய முறையே அவற்றையும் ஓரளவு வசப்படுத்தியது.

இனிக் கணிப்பொறிக் காலத்துக்கு வருவோம். 1974-இல் யூட்டா பல்கலைக்கழகத்தில் எட்வின் காட்மல் அளித்த ஆய்வுரை, கணிப்பொறி வரையும் பரப்பின்மேல் ஒரு படத்தைப் போர்த்தும் வழியைக் காட்டியது. சில ஆண்டுகளின் பின்னர், நியூயார்க் தொழில்நுட்பக் கழகத்தில் அவரும் ஆல்வி ரே ஸ்மித்தும் சேர்ந்து ஒரு புதிய கருத்தைக் கொணர்ந்தனர். படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று எண்கள் உண்டு. அவற்றோடு நான்காவதாக ஓர் எண்ணையும் சேர்த்தனர். அப்புள்ளியில் பொருள் எவ்வளவு, வெளி எவ்வளவு என்பதை அவ்வெண் சொல்லும். அதற்கு ‘ஆல்பா’ எனப் பெயரிட்டனர். 1984-இல் தாமஸ் போர்ட்டர், டாம் டஃப் என்னும் இருவர், இவ்வெண்ணைக் கொண்டு ஒரு படத்தின்மேல் மற்றொன்றை இடுவதற்குரிய கணித விதிகளை வகுத்து, யாவரும் அறியக் கட்டுரையாக வெளியிட்டனர். 1996-இல் இந்நால்வருக்கும் திரைப்படக் கழகம் தொழில்நுட்ப விருது வழங்கியது.

இவ்விதியின் உள்ளுறை பின்னம் ஒன்றே. பின்னக் கணக்கு வாழ்க்கையில் எங்கே பயன்படும் என்று வகுப்பறையில் என்னைக் கேட்ட மாணவர் பலர். இதோ ஒரு பயன். இலையின் ஓரத்தில் உள்ள ஒரு புள்ளியை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் பத்தில் மூன்று பங்கு இலை. ஏழு பங்கு வானம். நீல ஒளியின் அளவு இலைக்கு 40 என்றும், வானுக்கு 220 என்றும் வைப்போம். நாற்பதில் பத்தில் மூன்று 12. இருநூற்றிருபதில் பத்தில் ஏழு 154. ஆகப் புள்ளியின் அளவு 166. இப்புள்ளியை அப்படியே வெட்டியெடுத்து, 50 அளவுள்ள இருண்ட மலைக்கு முன் வைத்தால் என்னாகும்? சுற்றிலும் 50 இருக்க, இலையோரம் மட்டும் 166 என்று பளிச்சிடும். தேர்ச்சியற்றோர் ஆக்கிய மரங்களைச் சுற்றி வெண்ணிற ஒளிவட்டம் தெரிவது இதனாலேதான். மரத்தை வெட்டியவர் பழைய வானத்தில் ஒரு கீற்றையும் சேர்த்தே கொண்டுவந்துவிட்டார். ஆல்பா அறிந்தவரோ இலையின் 12-ஐ மட்டும் கொண்டு, மலையின் பத்தில் ஏழு பங்காகிய 35-ஐ அதனோடு சேர்ப்பார், 47 கிடைக்கும். ஒளிவட்டம் மறையும்.

அப்பின்னம் பத்தில் மூன்று என்பதை எவ்வாறு அறிவது? அதற்கும் வழி உண்டு. 220-லிருந்து 166-ஐக் கழித்தால் 54. 220-லிருந்து 40-ஐக் கழித்தால் 180. ஐம்பத்து நான்கை நூற்றெண்பதால் வகுத்தால் பத்தில் மூன்று வந்துவிடும். வானம் எங்கும் ஒரே நிறமாய் இருந்தால் இக்கணக்குப் பொருந்தும். அதனாலேயே, தெளிந்த நீல வானமோ, மேகம் சீராக மூடிய வெண்ணிற வானமோ உள்ள நாளில் மரத்தைப் படமெடுக்குமாறு அறிந்தோர் சொல்வர். பின்னர்ப் படத்தின் நீலப் பகுதியை மட்டும் தனியே பிரித்து, இருளை ஒளியாகவும் ஒளியை இருளாகவும் மாற்றினால், மரத்தின் மறைப்புப் பெரும்பாலும் தானே அமைந்துவிடும். வெண்ணிற மலரும், வானொளியைத் திருப்பி வீசும் மினுக்கிலைகளும் மட்டும் துளைகளாகத் தோன்றும். அவற்றைக் கையால் திருத்த வேண்டும். இறுதியில், ஒளி புகும் இடங்களின் அடியிலும் இலையின் பச்சையையே நிரப்பிவைப்பது நன்று. தொலைவில் மரம் சிறிதாகும்பொழுது அண்டைப் புள்ளிகள் கலக்கும். அங்கே வெண்மை இருந்தால் மீண்டும் ஓரத்தில் எட்டிப்பார்க்கும்.

ஈண்டு ஒரு வியப்பைக் காண்க. நீலத்துக்கு வானம் வெளுப்பதும் இலை கறுப்பதுமே லெ கிரேயின் காலத்தில் குறையாய் இருந்தது. அந்த இயல்பே இன்று மரத்தை வானிலிருந்து பிரித்துக் கொடுக்கும் துணையாயிற்று. ஒரு காலத்தின் குறை மற்றொரு காலத்துக்குக் கருவியாவது அறிவியல் வரலாற்றில் அரியதன்று.

இக்கலை எல்லார்க்கும் எட்டியதும் ஒரு வரலாறே. 1990-இல் தாமஸ் நோல், ஜான் நோல் என்னும் உடன்பிறந்தார் ஆக்கிய ‘போட்டோஷாப்’ மென்பொருள் விற்பனைக்கு வந்தது. 1996-இல் பெர்க்லி மாணவர் இருவர் ‘கிம்ப்’ என்ற மென்பொருளை விலையின்றி உலகுக்கு வழங்கினர். படத்தைச் சேமிக்கும் முறையிலும் இவ்வாறே நிகழ்ந்தது. 1987-இல் தோன்றிய ‘ஜிஃப்’ முறையில், 1989-இன் திருத்தத்துக்குப் பின்னும், ஒரு புள்ளி முழுதும் தெரியும் அல்லது முழுதும் மறையும், இடைநிலை இல்லை. அதற்குள் அடங்கிய சுருக்க முறைக்குக் காப்புரிமைக் கட்டணம் கேட்கப்போவதாக 1994-இன் இறுதியில் அறிவிப்பு வந்தது. உடனே நாடுதோறும் உள்ள வல்லுநர் பலர் கூடி, கட்டணமற்ற ‘பிஎன்ஜி’ முறையை வகுத்தனர். 1996 அக்டோபரில் அது பொதுநெறியாக ஏற்கப்பெற்றது. அதில் ஒவ்வொரு புள்ளிக்கும் 256 நிலைகளில் ஒளிபுகவிடலாம். இலையோரத்துப் பின்னங்கள் அதில் குடியேறின. இன்று கிராமத்துப் பள்ளி மாணவனும் பொருட்செலவின்றி அதனைக் கையாள்கிறான்.

இளைஞர்களே, மரத்தை வானிலிருந்து பிரிக்கும் இதே கணக்கு, மனிதனையும் அவன் நின்ற இடத்திலிருந்து பிரிக்கும். செல்லாத ஊருக்கு ஒருவனைச் சென்றவனாகவும், காணாத ஒருவரைக் கண்டவனாகவும் காட்டிவிடலாம். ராபின்சன் காலத்தில் தையல் உற்று நோக்குவார்க்குத் தெரிந்திருக்கக் கூடும். இன்று கண்ணுக்குத் தெரிவதில்லை. விளையாட்டில் நிற்கும் மரம் எவரையும் ஏமாற்றுவதன்று. அது புனைவென்பதை ஆடுவோன் அறிவான். செய்தி என்று சொல்லி வரும் படத்தில் அவ்வறிவு படத்தைக் காண்பவனுக்கு இல்லை. ஆகவே, ஒட்டியதை ஒட்டியது என்று சொல்லிவிடுவது ஆக்குவோன் கடமை. ஓரங்களை உற்று நோக்கி, இவ்வொளி எந்த வானத்து ஒளி என்று கேட்பது காண்போன் கடமை. பின்னக் கணக்கைக் கற்றவர் நீங்கள். இரு கடமைகளையும் செய்ய வல்லவரும் நீங்களே.