காத்திருந்த கரண்டி

1926ஆம் ஆண்டு அமெரிக்காவின் கிளீவ்லாண்ட் நகரில், மவுண்ட் சைனாய் மருத்துவமனையில், கிளாரா டேவிஸ் என்ற குழந்தை மருத்துவர் தம் செவிலியர்களுக்கு ஒரு விதி போட்டார். குழந்தையின் பக்கத்தில் கரண்டியோடு உட்கார வேண்டும். ஆனால் கையை அசைக்கக் கூடாது. குழந்தை ஒரு கிண்ணத்தை எட்டினாலோ சுட்டினாலோ மட்டும் அதிலிருந்து ஒரு கரண்டி எடுக்கலாம். அது வாயைத் திறந்தால் ஊட்டலாம், திறக்காவிட்டால் கரண்டி திரும்பிவிட வேண்டும். சாப்பிட்டதற்கு மெச்சக் கூடாது, சாப்பிடாததற்கு முகம் சுளிக்கக் கூடாது. குழந்தை விரலால் எடுத்துத் தின்றாலும், கையையே கிண்ணத்துக்குள் விட்டாலும் தடுக்கக் கூடாது. அதுவாக நிறுத்தியதும் தட்டை எடுத்துவிட வேண்டும். பெரும்பாலும் 20, 25 நிமிடத்தில் சாப்பாடு முடிந்துவிடும்.

மதுரையில் மனையியல் கற்பித்த காலம் முழுவதும் இந்த விதியை நான் வகுப்பில் சொல்லி வந்திருக்கிறேன். மாணவிகள் வியந்து கேட்பது அந்தச் செவிலியரைப் பற்றித்தான். கையில் சோற்றை வைத்துக்கொண்டு குழந்தை முன் சும்மா உட்காருவது எவ்வளவு கடினம் என்று, தம்பி தங்கைக்கு ஊட்டி வளர்ந்த பெண்களுக்குத் தெரியும்.

அந்த நாளில் அமெரிக்க வீடுகளில் குழந்தையின் சாப்பாட்டைத் தீர்மானித்தது கடிகாரமும் மருத்துவர் தந்த சீட்டும். எம்மெட் ஹோல்ட் என்ற மருத்துவர் 1894இல் தாய்மாருக்கும் செவிலியருக்கும் கேள்வி பதிலாக எழுதிய நூல் ஒரு தலைமுறைக்கே வேதமாக இருந்தது. எத்தனை மணிக்கு, எவ்வளவு, எதை என்று எல்லாவற்றுக்கும் அளவு. அந்த அளவுக்கு உட்படாத பிள்ளைகள் 'சாப்பிட மாட்டேன் என்கிறது' என்ற புகாரோடு மருத்துவரிடம் வந்து குவிந்தார்கள். உட்படாதது குழந்தையின் குற்றமா, அளவின் குற்றமா என்று டேவிஸ் கேட்டார். எனக்கு இந்த அம்மாளின் மேல் மரியாதை வந்தது அந்த ஒரு கேள்வியால்தான்.

கிளீவ்லாண்டில் மூன்று குழந்தைகளோடு தொடங்கி, பிறகு சிகாகோவில் பல ஆண்டுகள் தொடர்ந்து, மொத்தம் 15 குழந்தைகளை அவர் பார்த்தார். சேரும்போது வயது 6 முதல் 11 மாதம் வரை. விதவைகளின் பிள்ளைகளும், வளர்க்க வழியில்லாத இளம் தாய்மாரின் பிள்ளைகளும்தான் அங்கே வந்தார்கள். பாலைத் தவிர வேறு எதையும் அதிகம் ருசித்தறியாதவர்கள் என்பதாலேயே அவர்களைத் தேர்ந்தார். சிலர் நாலரை வயது வரை அங்கேயே வளர்ந்தார்கள். பிள்ளைகளைத் தாயிடமிருந்து ஆண்டுக்கணக்கில் பிரித்து வைத்த ஆய்வு இது. இன்று இதற்கு எங்கும் அனுமதி கிடைக்காது, கிடைக்கவும் கூடாது. அந்த வருத்தம் இல்லாமல் டேவிஸின் கட்டுரைகளை நான் ஒருநாளும் படித்ததில்லை.

சாப்பாட்டுப் பட்டியலில் 34 பொருள்கள் இருந்தன. பால், புளித்த பால், ஆப்பிள், வாழைப்பழம், அன்னாசி, தக்காளி, பீட்ரூட், கேரட், பட்டாணி, டர்னிப், முட்டைக்கோஸ், பசலைக் கீரை, உருளைக்கிழங்கு, ஓட்ஸ், கோதுமை, பார்லி, முட்டை, மீன், கோழி, மாட்டிறைச்சி, ஈரல், மூளை, எலும்பு மஜ்ஜை போன்றவை. சர்க்கரை கிடையாது, டப்பாவில் அடைத்தது எதுவும் கிடையாது. ரொட்டி, சூப் என்று ஒன்றோடொன்று கலந்த பண்டமும் இல்லை. எல்லாம் தனித்தனிக் கிண்ணத்தில், உப்பில்லாமல் வந்தது. உப்புக்கும் தனிக் கிண்ணம். குழந்தைகள் உப்பைத் தின்று திணறி, சில நேரம் அழுது, ஆனாலும் துப்பாமல், மறுபடியும் அதையே எடுத்தார்கள் என்று டேவிஸ் எழுதியிருக்கிறார்.

முதல் சில வேளைகளில் எது உணவு என்பதே அவர்களுக்குத் தெரியவில்லை. கிண்ணத்தைக் கடித்தார்கள், காலிக் கரண்டியைச் சப்பினார்கள், தட்டின் ஓரத்தையும் அதில் விரித்த காகிதத்தையும் மென்று பார்த்தார்கள். சில நாளில் தெளிவு வந்துவிட்டது. பிடித்ததை நோக்கிக் கை நேராகப் போனது. பட்டியலில் இருந்த எல்லாவற்றையும் எல்லோரும் ஒரு முறையாவது ருசித்துப் பார்த்தார்கள். இரண்டு பேர் மட்டும் லெட்யூஸ் இலையைத் தொடவில்லை, ஒருவர் பசலைக் கீரையைத் தொடவில்லை. ஒரு நாள் காலைக்கு ஆரஞ்சுச் சாறும் ஈரலும், இரவுக்குப் பல முட்டையும் வாழைப்பழமும் பாலும் என்றெல்லாம் தின்றார்கள். பார்க்கிற உணவியல்காரர் தலையில் அடித்துக்கொள்ள வேண்டிய சேர்க்கைதான். ஆனால் வாரங்களைக் கூட்டிப் பார்த்தால் சத்தில் குறை இல்லை. 36,000க்கும் மேற்பட்ட சாப்பாட்டு வேளைகள் குறித்து வைக்கப்பட்டன. சேர்ந்தபோது மெலிந்திருந்த பிள்ளைகள் தேறினார்கள். ரிக்கெட்ஸ் நோயால் எலும்பு வளைந்திருந்த ஒரு குழந்தையின் தட்டில் மீன் ஈரல் எண்ணெயையும் ஒரு சிறு கோப்பையில் வைத்தார்கள். எலும்பு தேறும் வரை அது அந்த எண்ணெயை ஏறக்குறைய விடாமல் குடித்தது. தேறியபின் கோப்பையை ஏறெடுத்துப் பார்க்கவில்லை. சிகாகோவின் பெரிய குழந்தை மருத்துவரான ஜோசப் பிரென்மன் இந்தப் பிள்ளைகளைச் சோதித்துவிட்டு, இந்த வயதில் இவ்வளவு நன்றாக வளர்ந்த கூட்டத்தைத் தாம் கண்டதில்லை என்ற பொருளில் எழுதினார்.

இந்த ஆய்வைத் தப்பாகச் சொல்பவர்கள் அதிகம். 'குழந்தைக்கு எது நல்லது என்று குழந்தைக்கே தெரியும்' என்று இதை முடித்துவிடுவார்கள். டேவிஸ் அப்படிச் சொல்லவில்லை. சூட்சுமம் பட்டியலில்தான் இருக்கிறது என்று 1939இல் அவரே வெளிப்படையாக எழுதினார். கெட்ட பண்டம் எதுவும் எட்டும் தூரத்தில் இல்லாதபோது, பிள்ளை எதை எடுத்தாலும் நல்லதாகத்தான் முடியும். எதை வைப்பது என்பது பெரியவர் பொறுப்பு. எதை, எவ்வளவு எடுப்பது என்பது பிள்ளையின் உரிமை. பதப்படுத்திய பண்டங்களையும் பட்டியலில் சேர்த்து அடுத்த ஆய்வு செய்ய ஆசைப்பட்டார். பொருளாதார மந்தம் வந்து பணம் நின்றது, ஆய்வும் நின்றது.

டேவிஸின் முதல் கட்டுரை வெளிவந்தது 1928இல். அதே ஆண்டில், மிச்சிகன் மாநிலத்தின் பிரீமான்ட் என்ற சிற்றூரில் காய்கனிகளை டப்பாவில் அடைக்கும் ஒரு நிறுவனம் புதிய சரக்கு ஒன்றைச் சந்தைக்கு அனுப்பியது. வேகவைத்து வடிகட்டி மசித்த பட்டாணி, கேரட், பசலைக் கீரை, பிரூன் பழம், காய்கறி இறைச்சி சூப். அதுதான் கெர்பர். டொரதி கெர்பர் தம் கைக்குழந்தைக்குப் பட்டாணியைச் சல்லடையில் தேய்த்துத் தேய்த்து அலுத்துப்போய், இதை ஆலையிலேயே செய்தால் என்ன என்று கணவரைக் கேட்டார் என்பது நிறுவனம் சொல்லிவரும் கதை. சல்லடையில் காய் தேய்த்த எந்தத் தாயும் அவரைக் குறை சொல்ல மாட்டாள். பெண்கள் படிக்கும் பத்திரிகைகளில் விளம்பரம் வந்தது. டப்பாவில் இருந்த குழந்தையின் கரிக்கோட்டு ஓவியம் உலகப் புகழ் பெற்றது.

இதன் விளைவு குழந்தையின் வயதில் தெரிந்தது. முன்பெல்லாம் அமெரிக்கக் குழந்தை முதல் வயதின் பின்பாதியில்தான் திட உணவைப் பார்க்கும். டப்பா வந்தபின் அந்த வயது கீழே இறங்கிக்கொண்டே வந்தது. 1950களில் பிறந்த நாலைந்து வாரத்திலேயே கொடுப்பது சகஜமாகிவிட்டது. இந்த இறக்கத்தை ஏமி பென்ட்லி என்ற வரலாற்றாசிரியர் ஒரு முழு நூலாகவே எழுதியிருக்கிறார். வால்டர் சாக்கெட் என்ற புளோரிடா மருத்துவர் இன்னும் ஒரு படி போனார். பிறந்த இரண்டாம் மூன்றாம் நாளே தானியக் கூழ், பத்தாம் நாளில் மசித்த காய்கறி என்று 1953இல் எழுதினார்.

என் எண்ணம் இந்த இடத்தில்தான் நிற்கிறது. இரண்டு மாதக் குழந்தைக்குத் தலை நிற்காது. வாயில் வைத்ததை நாக்கு வெளியே தள்ளும். அதற்கு உணவு கொடுத்தே தீர வேண்டும் என்றால், நீராகக் கரைத்து, ஒரு கை தாடையைப் பிடிக்க, மறு கை கரண்டியை உள்ளே செலுத்த வேண்டும். வேறு வழியே இல்லை. ஆகவே மசியல் என்பது குழந்தையின் தேவையிலிருந்து பிறந்ததைவிட, வயதை முன்னே தள்ளியதிலிருந்து பிறந்ததுதான் அதிகம். 1974இல் பிரிட்டிஷ் அரசின் சுகாதாரத் துறை நாலு மாதத்துக்கு முன் வேண்டாம் என்றது. 2001இல் உலக சுகாதார நிறுவனம் ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் என்றது. வயது ஏறிவிட்டது, ஆனால் சிறுசுக்கு ஏற்பட்ட மசியல் மட்டும் நிமிர்ந்து உட்காரும் பிள்ளையின் வாயிலும் தங்கிவிட்டது.

ஐரோப்பாவில் டப்பாவுக்கு முன்னும் கூழ் இருந்தது. 18ஆம் நூற்றாண்டில் மாவும் பாலும் கலந்த கூழை ஊற்றப் படகு வடிவில் வெள்ளிக் கிண்ணம் வைத்திருந்தார்கள். நம் பாலாடையையும் சங்கையும் அறிந்தவர்களுக்கு அதன் உருவம் புதிதல்ல. ஆனால் சங்கு நம் வீட்டில் பச்சைக் குழந்தைக்குத்தான். உட்காரத் தொடங்கிய பிள்ளைக்கு அல்ல. புறநானூற்றில் பாண்டியன் அறிவுடைநம்பியின் பாட்டில் வரும் பிள்ளைக்கு யாரும் ஊட்டவில்லை. அதுவே தட்டில் கைவிட்டுக் குழப்பி, நெய்ச்சோற்றை உடம்பெல்லாம் அப்பிக்கொள்கிறது. அந்தக் காட்சி இல்லாத வீட்டில் எத்தனை செல்வம் இருந்தும் பயனில்லை என்பது அந்த அரசனின் கருத்து.

பிள்ளை மெல்லப் பழகும் பருவத்தைத் தவறவிட்டால் என்ன ஆகும் என்பதை ஷெபீல்டின் பேராசிரியர் ரொனால்ட் இல்லிங்வொர்த்தும் லிஸ்டரும் 1964இல் எழுதினார்கள். ஆறேழு மாதத்தில் மெல்லும் அசைவு வருகிறது. அப்போது மெல்ல எதுவும் கொடுக்காமல் கூழிலேயே நிறுத்தினால், பிறகு கட்டியாக எதைக் கொடுத்தாலும் துப்பும், குமட்டும். மூன்று வயதுப் பிள்ளைக்கு இட்லியை மிக்ஸியில் அடித்துக் கொடுத்துக்கொண்டு, 'இது எதையும் மெல்ல மாட்டேங்குதுங்க மேடம்' என்று என்னிடம் வந்த தாய்மார் பலர். மெல்லச் சந்தர்ப்பம் கிடைக்காத பிள்ளைகள் அவை.

பிரிட்டனில் சுகாதாரச் செவிலியராக வீடு வீடாகப் போன கில் ராப்லி, தாய்மார் சொன்ன இதே குறையைக் கேட்டுக் கேட்டுத்தான் மசியலையே தவிர்க்கும் முறைக்கு வந்தார். டிரேசி மர்கெட்டுடன் 2008இல் வெளியிட்ட நூலில் அவர் சொல்வது எளிது: ஆறு மாதம் ஆகி, நிமிர்ந்து உட்காரும் பிள்ளையின் முன், பிடிக்கத் தோதான நீளத்தில் மெத்தென்று வெந்த துண்டுகளை வையுங்கள், அதுவே எடுக்கட்டும்.

எல்லோரும் பயப்படுவது தொண்டையில் சிக்கிவிடுமோ என்றுதான். அந்தப் பயம் நியாயமானது. குமட்டல் வேறு, அடைப்பு வேறு. ஆறு மாதத்தில் குமட்டல் நாக்கின் முன்பகுதியிலேயே கிளம்பிவிடும். முகம் சிவந்து, சத்தத்தோடு துண்டை வெளியே தள்ளும். அது குழந்தையின் காவல். அடைப்பில் சத்தமே வராது. நியூசிலாந்தில் 206 குழந்தைகளை இரு பிரிவாக்கிப் பார்த்து 2016இல் வெளியான ஆய்வில், பாதுகாப்பு முறைகளைச் சொல்லிக்கொடுத்துத் தானே எடுத்துத் தின்ன விட்ட பிரிவில் அடைப்பு கூடுதலாக இல்லை. இதைச் சொல்லும் ஒவ்வொரு முறையும் நான் கூடவே சொல்வது: முழு நிலக்கடலை, முழுத் திராட்சை, பச்சைக் கேரட் வேண்டவே வேண்டாம். சாய்ந்து படுத்தபடி சாப்பிட விடாதீர்கள். தின்னும்போது ஒரு பெரியவர் பக்கத்தில் இருந்தே ஆக வேண்டும்.

எங்கள் மதுரைப் பக்கம் இதில் ஒரு பழைய கதை உண்டு. உலக வங்கிக் கடனில் 1980இல் கொட்டாம்பட்டி ஒன்றியத்தில் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டத்தில், 6 முதல் 36 மாதம் வரையான பிள்ளைகளை மாதந்தோறும் நிறுத்து, எடை தேங்கியவர்களுக்கு மட்டும் சத்துணவு கொடுத்தார்கள். கொடுத்தது கஞ்சி அல்ல, தானியமும் பருப்பும் வெல்லமும் சேர்த்துப் பிடித்த லட்டு. ஒரு வயதுப் பிள்ளை இரண்டு கையாலும் பிடித்துக் கொறித்துத் தின்னும் உருண்டை. ராப்லியின் நூலுக்குக் கால் நூற்றாண்டுக்கும் முந்தியது இது. அந்த லட்டைப் பற்றி ஊட்டச்சத்து அறிக்கைகளில் எடைக்கணக்குதான் இருக்கிறது. பிள்ளை அதைத் தானே தின்றது என்பதையும் யாராவது எழுதியிருக்க வேண்டும்.

இந்தியாவில் 1992இல் வந்த சட்டமும் 2003இல் அதற்கு வந்த திருத்தமும் குழந்தை உணவு விளம்பரத்துக்குத் தடை போட்டன. அதனால் கெர்பர் காலத்து விளம்பர வெள்ளம் இங்கே வரவில்லை. ஆனாலும் தாய்மார் கையில் மிக்ஸி இருக்கிறது, பிள்ளை கண்முன் செல்போன் இருக்கிறது. படம் பார்த்து வாய் பிளக்கும் நேரத்தில் ஒரு கரண்டி உள்ளே போய்விடுகிறது. வயிறு நிறைந்ததை அந்தப் பிள்ளை எப்படி அறியும்? எனக்கு இதில் கோபமே வருகிறது.

அங்கன்வாடிப் பயிற்சியில் பெண்கள் கேட்பது, அப்போ எதைக் கொடுக்க என்பதுதான். ஆறு மாதத்துக்குப் பின் தாய்ப்பாலில் போதாமல் போவது முதலில் இரும்புச்சத்து. கையில் எடுத்துத் தின்னும் முறையை விமர்சிப்பவர்களின் வலுவான வாதமும் அதுதான்: வாழைப்பழமும் வெந்த உருளையும் மட்டும் வைத்தால் பிள்ளை ரத்தசோகையில் விழும். நியூசிலாந்து ஆய்விலும் ஒவ்வொரு வேளையும் இரும்புள்ள ஒரு உணவைச் சேர்க்கச் சொன்னார்கள். ஆகவே முருங்கைக்கீரையைப் பொடியாக அரிந்து போட்ட மெத்தென்ற அடை, விரல் நீளத்துக்குக் கீறிய கேழ்வரகு இட்லி, முழுக்க வெந்த முட்டையை நீளவாட்டில் வெட்டியது, கவிச்சி தின்னும் வீடானால் வேகவைத்த ஆட்டு ஈரல் துண்டு, முள் நீக்கிய மீன். பக்கத்தில் கொஞ்சம் கொய்யாவோ தக்காளியோ இருந்தால் அந்த இரும்பு உடம்பில் ஒட்டும். ஒரு வயது வரை உப்பும் சர்க்கரையும் வேண்டாம், தேன் கூடவே கூடாது. வீட்டுக்காரர்களுக்குச் சமைக்கும்போது, உப்புப் போடுவதற்கு முன்பே பிள்ளைக்கு எடுத்து வைத்துவிட்டால் தனிச் சமையல் தேவையில்லை.