என்பும் நரம்பும் நாணும்: உடலியக்க உறுப்புகளுக்கான தமிழ் மருத்துவக் கலைச்சொற்களின் வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

எலும்பு, மூட்டு, தசை ஆகியவற்றைக் குறிக்கும் தமிழ் மருத்துவச் சொற்கள் மக்கள் வழக்கு, சித்த மருத்துவ மரபு, பத்தொன்பதாம் நூற்றாண்டு யாழ்ப்பாண மொழிபெயர்ப்புகள், இருபதாம் நூற்றாண்டுப் பாடநூல்கள் எனப் பல ஊற்றுகளிலிருந்து வந்தவை. இவை குறித்த விவாதம் பெரும்பாலும் சொற்களின் பிறப்பையே சுற்றி நடந்துள்ளது. ஒரு சொல் தமிழா, வடமொழியா, ஆங்கிலமா என்பதைவிட, அது ஓர் உறுப்பை மற்றோர் உறுப்பிலிருந்து பிரித்துக் காட்டுகிறதா என்பதே மருத்துவக் கலைச்சொல்லுக்குரிய முதல் அளவுகோல் என்பதை இக்கட்டுரை வரலாற்றுச் சான்றுகளின் வழி முன்வைக்கிறது.

திறவுச்சொற்கள்: கலைச்சொல், உடற்கூறு, கிறீன், அங்காதிபாதம், நரம்பு, தசைநார்.

முன்னுரை

சிவகங்கை மாவட்டத்துத் திருக்கோஷ்டியூர் வைணவத் திவ்விய தேசங்களுள் ஒன்று. இரணியனை அழிப்பது குறித்துத் தேவரும் முனிவரும் கூடி ஆலோசித்த இடம் என்பதால் ஊர் இப்பெயர் பெற்றது எனத் தலபுராண மரபு கூறும். 'கோஷ்டி' வடசொல். ஆயினும் பெரியாழ்வார் பாசுரங்களில் ஊர்ப்பெயர் 'திருக்கோட்டியூர்' என்றே வருகிறது. வடவெழுத்தை நீக்கித் தமிழெழுத்தால் அமைத்துக்கொள்ளும் தொல்காப்பிய எச்சவியல் நெறிக்கு இது நல்ல சான்று. இன்று இரு வடிவங்களும் வழங்குகின்றன. எதைச் சொன்னாலும் கேட்பவர் ஒரே ஊரையே அறிந்துகொள்கிறார்.

ஊர்ப்பெயரில் வடிவம் இரண்டானாலும் பொருள் ஒன்றாக இருப்பதால் குழப்பம் இல்லை. மருத்துவச் சொல்லில் நிலை வேறு. அங்கு வடிவம் ஒன்றாக இருந்தும் பொருள் இரண்டாகவும் மூன்றாகவும் பிரியும்போது நோயாளி பாதிக்கப்படுகிறார். உடலியக்க உறுப்புகளின் பெயர்களில் இச்சிக்கல் மிகத் தெளிவாகத் தெரிகிறது.

வழக்குச் சொற்களின் வளம்

தமிழரின் அன்றாட வழக்கில் எலும்புக்கும் தசைக்கும் உரிய சொற்கள் குறைவல்ல. கழுத்தணியாகிய காறை கிடக்கும் இடத்தெலும்பு காறையெலும்பு. முழங்காலின் முன்னுள்ள வட்ட எலும்பு, சிறுவர் விளையாடும் ஓட்டுச்சில்லைப் போன்றிருப்பதால் முழங்கால் சில்லு. கணுக்காலுக்கு மேலே பின்புறம் திரண்ட சதையையுடைய பகுதி, கெண்டை மீனை நினைவூட்டும் பெயரால் கெண்டைக்கால். சுளுக்கு, பிசகு, பிடிப்பு, குரக்குவலி முதலியன நோய்நிலையைக் குறிக்கும் சொற்கள்.

இவை அறிவியலுக்குப் பொருந்தாத நாட்டுப்புறச் சொற்கள் என்று ஒதுக்குவார் உண்டு. அவர்கள் உயர்வாகக் கருதும் இலத்தீன் பெயர்களின் பொருளை நோக்கினால் இவ்வாதம் நில்லாது. காறையெலும்பைக் குறிக்கும் 'கிளாவிக்குலா' சிறு சாவி; முழங்கால் சில்லாகிய 'பட்டெல்லா' சிறு தட்டு; கீழ்க்காலின் பெரிய எலும்பாகிய 'திபியா' குழலிசைக் கருவி; அதன் துணையெலும்பாகிய 'பிபுலா' ஆடையைச் செருகும் ஊசி. தசையைக் குறிக்கும் 'மஸ்குலஸ்' என்பதும் சுண்டெலி என்னும் பொருளுடையது. ஆகவே அன்றாடப் பொருளின் பெயரே உறுப்பின் பெயராவது எம்மொழிக்கும் பொதுவான நெறி. அப்பெயர் எதைக் குறிக்கிறது என்பதை அறிஞர் குழு வரையறுத்து, ஆசிரியர் வகுப்பில் இடைவிடாது வழங்கியபோதே அது கலைச்சொல்லாயிற்று.

பொருள் நகர்ந்த சொற்கள்

சித்த மருத்துவம் உடலைச் சாரம், செந்நீர், ஊன், கொழுப்பு, என்பு, மூளை, சுக்கிலம் அல்லது சுரோணிதம் என ஏழு தாதுக்களாகப் பகுக்கிறது. இவ்வரிசையில் என்பை அடுத்து வரும் 'மூளை' தலைக்குள் உள்ள உறுப்பு மட்டுமன்று. எலும்பின் உள்ளீட்டையும் அச்சொல் குறிக்கிறது. இன்றைய தமிழில் மூளை தலைக்குள் உள்ள உறுப்புக்கே உரியதாகிவிட்டதால், எலும்பின் உள்ளீட்டைச் சுட்ட 'எலும்பு மச்சை' என்னும் வடசொல் வழிவந்த தொடர் தேவைப்பட்டது. பழைய மருத்துவ நூலைப் பதிப்பிப்பவர் இந்நகர்வை அறியாவிடில், எலும்பு பற்றிய குறிப்பைத் தலைநோய்க் குறிப்பாகப் படிக்க நேரும்.

'நரம்பு' இதனினும் சிக்கலானது. சங்கநூல்களில் அது யாழின் தந்தியைக் குறிக்கும். உடலில் கயிறுபோல் புடைத்துத் தெரிவனவும் அப்பெயர் பெற்றன. நவீன உடற்கூற்றியல் உணர்வையும் இயக்கக் கட்டளையையும் கடத்தும் உறுப்புக்கு மட்டும் அச்சொல்லை ஒதுக்கியது. ஆனால் மக்கள் வழக்கு மாறவில்லை. 'நரம்பு பிசகிவிட்டது', 'நரம்பு இழுத்துக்கொண்டது' என்று ஒருவர் சொல்லும்போது அவர் குறிப்பது பெரும்பாலும் தசைப்பிடிப்பையோ சுளுக்கையோ ஆகும். பாடநூல் தமிழில் பயின்றவர் அதை நரம்பு மண்டலக் கோளாறாகக் கொள்ளக்கூடும். அதுபோல் மருத்துவர் 'நரம்பு அழுந்துகிறது' என்று சொல்ல, எண்ணெய் தேய்த்து நீவினால் சரியாகிவிடும் என நோயாளி எண்ணக்கூடும். இருவரும் பேசுவது தமிழே, சொல்லும் ஒன்றே, பொருள்தான் வேறு.

காவல்துறையில் பணியாற்றியவராகிய தி. வி. சாம்பசிவம் பிள்ளை தொகுத்த சித்த மருத்துவப் பேரகராதி, பழைய சொற்களையும் அவற்றின் பல பொருள்களையும் திரட்டித் தந்துள்ளது. இத்தகைய பொருள் நகர்வுகளை ஆராய்வோர்க்கு அது தவிர்க்க இயலாத கருவி.

கிறீனின் பணி

நவீன உடற்கூற்றியலைத் தமிழில் முறைப்படக் கற்பித்த முன்னோடி அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் (1822-1884). 1847இல் யாழ்ப்பாணம் வந்த அவர் பின்னர் மானிப்பாயில் மருத்துவப்பணியை நிலைநிறுத்தினார். தொடக்கத்தில் ஆங்கிலத்தில் கற்பித்தவர், 1860களில் தமிழ்வழி வகுப்பைத் தொடங்கினார். ஆங்கிலம் கற்ற மருத்துவர் அரசுப்பணி தேடி ஊரைவிட்டுச் செல்வர். தமிழில் கற்றவரே கிராமத்தில் நின்று தொண்டாற்றுவர் என்பது அவர் கண்ட உண்மை.

1850களில் கட்டரின் நூல் 'அங்காதிபாத சுகரணவாத உற்பாலன நூல்' எனத் தமிழானது. துருவிற்றின் அறுவை மருத்துவ நூல் 1867இல் 'இரண வைத்தியம்' என்றும், கிரேயின் நூலை முதன்மையாகக் கொண்ட 'மனுஷ அங்காதிபாதம்' 1872இலும், வேதியியல் நூலாகிய 'கெமிஸ்தம்' 1875இலும் வெளிவந்தன. கிரேயின் ஆங்கில நூல் வெளியானது 1858இல். பதினான்கு ஆண்டுகளில் அது தமிழ் மாணவர் கைக்கு வந்தது. இம்முயற்சியில் கிறீனின் தமிழ் மாணவர்களுக்கும் பெரும் பங்குண்டு.

இந்நூற்பெயர்களே அவருடைய கலைச்சொல் நெறியைக் காட்டுகின்றன. தமிழில் வழங்கும் சொல்லை முதலில் கொள்ளுதல், இல்லாதவிடத்து வடமொழியை நாடுதல், அதுவும் பொருந்தாவிடில் ஆங்கிலச் சொல்லைத் தமிழ் ஈறு கொடுத்து எழுதுதல் என்னும் மூன்று வழிகளும் அவற்றில் தெரிகின்றன. 'அங்காதிபாதம்', 'சுகரணம்' ஆகியன வடமொழி வழிவந்தவை. 'கெமிஸ்தம்' மூன்றாம் வழியில் அமைந்தது.

கிறீனின் சொற்கள் பிற்காலத்தில் வழக்கொழிந்ததற்கு அவற்றின் வடமொழிச் சார்பே காரணம் என்பது பரவலான கருத்து. இக்கருத்து முழுமையானதன்று. வடசொல் அடியான 'மச்சை', 'புயம்' போன்றவை இன்றும் வாழ்கின்றன. கிறீன் 1873இல் நாடு திரும்பினார். தமிழ்வழி வகுப்பு அவருக்குப்பின் நெடிது நிலைக்கவில்லை. சென்னையிலும் கொழும்பிலும் மருத்துவக் கல்வி ஆங்கிலத்திலேயே வேரூன்றியது. கற்பிக்கும் வகுப்பு மறைந்தபோது அவ்வகுப்பின் சொற்களும் மறைந்தன. சொல்லைக் காப்பது அதன் இனத்தூய்மையன்று. அதை வழங்கும் நிறுவனமே.

ஐரோப்பியப் பெயர்முறையின் பாடம்

கிறீன் தமிழ்ச்சொல் தேடிய காலத்தில் ஐரோப்பாவிலும் உடற்கூற்றுப் பெயர்கள் ஒழுங்குபட்டிருக்கவில்லை. ஒரே உறுப்பு நாட்டுக்கொரு பெயரும் பள்ளிக்கொரு பெயரும் பெற்றிருந்தது. 1895இல் பேசல் நகரில் ஏற்கப்பட்ட பெயர்ப்பட்டியல், ஏறத்தாழ 50,000 பெயர்களை ஐயாயிரம் அளவிற்குக் குறைத்தது. 1955இல் பாரிசில் அது திருத்தப்பட்டது. 1998இல் புதிய பன்னாட்டுப் பட்டியல் ஒன்று வெளிவந்தது. 'மனுஷ அங்காதிபாதம்' பேசல் பட்டியலுக்கு 23 ஆண்டுகள் முற்பட்டது என்பதை மனங்கொள்ள வேண்டும். சொற்பெருக்கம் தமிழின் குறைபாடன்று. ஒழுங்குபடுத்தும் பணி தொடராமல் போனதே குறைபாடு.

இருபதாம் நூற்றாண்டில் 1916இல் சேலத்தில் இராஜாஜி முதலியோர் முன்னெடுத்த கலைச்சொல் முயற்சி தொடங்கிப் பல குழுக்கள் பணியாற்றின. ஆயினும் தமிழ்நாடும் இலங்கையும் தனித்தனிப் பாதையில் சென்றன. தமிழ்நாட்டுப் பாடநூலின் எலும்பு, குருத்தெலும்பு, திசு, செல் ஆகியன இலங்கைப் பாடநூலில் முறையே என்பு, கசியிழையம், இழையம், கலம் என வழங்கும். எலும்புக்கூடு அங்கு வன்கூடு. திருக்குறளில் பயிலும் 'என்பு' இலங்கையில் பாடநூற்சொல்லாக வாழ, தமிழகத்தில் இலக்கியச் சொல்லாக ஒதுங்கியது. இவ்வேறுபாடு ஆய்வாளர்க்கு இடர் தரினும் பொருள் மயக்கம் தருவதன்று. ஓர் இணைப்பட்டியலால் தீர்க்கத்தக்கது.

தசைநார் என்னும் சிக்கல்

உண்மையான இடர் 'தசைநார்' போன்ற சொற்களில் உள்ளது. தசையை எலும்போடு பிணைக்கும் டெண்டன், எலும்பை எலும்போடு பிணைக்கும் லிகமெண்ட், தசையின் உள்ளிழை ஆகிய மூன்றையும் குறிக்க வெவ்வேறு இடங்களில் இவ்வொரு சொல்லே ஆளப்படுகிறது. டெண்டன் அறுந்தால் தசை சுருங்கினாலும் அவ்வுறுப்பு அசையாது. குதிகாலில் அது அறுந்தவர் நுனிக்காலில் எழும்பி நிற்க இயலாது. லிகமெண்ட் அறுந்தால் மூட்டு தன் நிலையில் நில்லாது தளரும். தசையிழைச் சிதைவோ முற்றிலும் வேறான நோய். 'தசைநார் கிழிந்துள்ளது' என்று எழுதப்பட்ட அறுவை ஒப்புதல் படிவத்தில் கையொப்பமிடுபவர் எதற்கு ஒப்புகிறார் என்பதை அத்தொடர் தெரிவிப்பதில்லை.

தீர்வுக்கு வேண்டிய சொற்கள் தமிழில் உள்ளன. வில்லின் நாண்போல் இழுவிசையைக் கடத்துவது 'தசைநாண்'. இச்சொல் ஏற்கெனவே பாடநூல் வழக்கில் உண்டு. எலும்புகளைப் பிணைப்பதை 'மூட்டுநார்' எனலாம். உள்ளிழையைத் 'தசையிழை' எனலாம். இம்மூன்றையும் நிலைப்படுத்தினால் 'தசைநார்' என்னும் மயக்கச்சொல்லைத் தொழில்நுட்ப வழக்கிலிருந்து விலக்கிவிடலாம்.

முடிவுரை

உடலியக்க உறுப்புகளின் தமிழ்ப்பெயர் வரலாறு மூன்று முடிவுகளைத் தருகிறது. முதலாவது, வழக்குச்சொல் கலைச்சொல்லாகத் தகுதியற்றது என்னும் கருத்துக்கு இலத்தீன் மரபே மறுப்பாக உள்ளது. இரண்டாவது, சொற்கள் நிலைப்பதும் அழிவதும் அவற்றின் மூலத்தைவிடக் கற்பித்தல் தொடர்ச்சியையே பெரிதும் சார்ந்துள்ளன. மூன்றாவது, ஒரு பொருளுக்குப் பல சொல் இருப்பதைவிடப் பல பொருளுக்கு ஒரு சொல் இருப்பதே மருத்துவத்தில் தீங்கு மிக்கது.

தமிழ்நாடு பாடநூல் மற்றும் கல்வியியல் பணிகள் கழகம் மருத்துவப் பாடநூல்களைத் தமிழாக்கும் பணியை மேற்கொண்டுள்ள இக்காலத்தில், இம்மூன்றாம் முடிவே முதலில் கருதத்தக்கது. புதுச்சொல் படைக்கும் முன் நரம்பு, நார், மூளை போன்ற பழஞ்சொற்களின் எல்லைகளை வரையறுக்க வேண்டும். மருத்துவரும் மொழியறிஞரும் சேர்ந்து செய்யவேண்டிய பணி இது. கோஷ்டியூர் எனினும் கோட்டியூர் எனினும் வழிப்போக்கர் ஊர் வந்து சேர்ந்துவிடுவார். நாணை நார் என்று எழுதினால் நோயாளி சென்று சேரும் இடம் வேறாகிவிடும்.