கல்விக் கடன் தவணை ஒத்திவைப்பும் குறைப்பும்: மரக்காணம் உப்பளப் பகுதி

கல்விக் கடன் தவணை ஒத்திவைப்பு என்பது, உயர்கல்விக்காக வங்கியில் கடன் பெற்ற ஒருவர் வேலையின்மை, நோய், குடும்ப வருவாய் இழப்பு, இயற்கைச் சீற்றம் முதலிய காரணங்களால் தவணை கட்ட இயலாத நிலையை அடையும்போது, திருப்பிச் செலுத்தும் கடமையைக் குறித்த காலத்துக்குத் தள்ளிவைக்கும் ஏற்பாடாகும். தவணைக் குறைப்பு என்பது, கடன் காலத்தை நீட்டியோ தொடக்கத் தவணைகளைச் சிறிதாக்கியோ மாதச் சுமையைத் தணிப்பதாகும். இரண்டிலும் கடன் அப்படியே நிற்கும். வேறு யாரேனும் ஏற்றுக்கொண்டாலன்றி வட்டியும் வளர்ந்துகொண்டே செல்லும். ஆகவே இவை கடன் தள்ளுபடியிலிருந்து வேறுபட்டவை.

விழுப்புரம் மாவட்டத்தில் கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி, கழுவேலி ஏரிக்கும் கடலுக்கும் அருகே அமைந்த மரக்காணம், பக்கிங்காம் கால்வாயின் தென்முனையாகவும் தமிழ்நாட்டின் பழைய உப்பு விளைநிலங்களுள் ஒன்றாகவும் அறியப்படுவது. சிறுபாணாற்றுப்படையில் வரும் எயிற்பட்டினம் இவ்வூரே என ஆய்வாளர் பலர் கொள்வர். இங்கு ஆண்டின் தொடக்கத்தில் பாத்திகளின் சேற்றை மிதித்துக் கெட்டிப்படுத்தி, உவர்நீரைப் பாத்திக்குப் பாத்தி மாற்றி வெயிலில் முற்றவிட்டு, கோடையில் உப்பு வாரி வரப்போரம் அம்பாரமாகக் குவிப்பர். வடகிழக்குப் பருவமழை இறங்கியதும் பாத்திகள் நீரில் மூழ்க, ஐப்பசி முதல் மார்கழி வரை உப்பளக் கூலி நின்றுவிடும். கல்விக் கடனின் மாதத் தவணையோ ஆண்டின் பன்னிரண்டு மாதமும் ஒரே தொகையாக வருவது. மாணவரின் தாயோ தந்தையோ இணைக்கடனாளியாகக் கையெழுத்திடுவது வழக்கமாதலால், பிள்ளைக்கு வேலை கிடைக்காத காலத்தில் அந்தத் தவணை உப்பளக் கூலியின்மேல் விழுகிறது. இப்பகுதியில் ஒத்திவைப்பின் தேவை இங்கிருந்தே பிறக்கிறது.

இந்தியாவில் கல்விக்குக் கடன் அளித்துத் தவணையைப் பின்னுக்குத் தள்ளும் முறை வங்கிகளுக்கு முன்பே அரசிடம் தோன்றியது. நடுவணரசு 1963-இல் தொடங்கிய தேசியக் கடன் உதவித்தொகைத் திட்டம் வட்டியில்லாக் கடனை வழங்கியது. கடன் பெற்றவர் ஊதியம் ஈட்டத் தொடங்கி ஓராண்டு கழித்து, அல்லது படிப்பு முடிந்து மூன்றாண்டு கழித்து, இவற்றுள் எது முந்தியதோ அப்போதே திருப்பிச் செலுத்தத் தொடங்கினால் போதும் என்பது அதன் விதி. ஆசிரியப் பணியிலோ படையிலோ சேர்ந்தவருக்கு, பணிபுரியும் ஒவ்வோர் ஆண்டுக்கும் கடனில் பத்தில் ஒரு பங்கு கழிக்கப்பட்டது. தொழிலையும் வருவாயையும் கணக்கில் கொண்டு கடனைத் தணிக்கும் இக்கருத்து பின்வந்த எந்த வங்கித் திட்டத்திலும் இவ்வளவு தெளிவாக இடம்பெறவில்லை. வசூல் மிகக் குறைவாக இருந்ததால் அத்திட்டம் நாளடைவில் கைவிடப்பட்டது. அதனுடன் அந்நற்கருத்தும் கைவிடப்பட்டது பேரிழப்பே.

இன்றைய கல்விக் கடனின் மூலம், கனரா வங்கியின் தலைவராக இருந்த ஆர். ஜே. காமத் தலைமையில் இந்திய வங்கிகள் சங்கம் அமைத்த ஆய்வுக் குழுவின் அறிக்கையாகும். ஏழையாயினும் தகுதியுள்ள மாணவர் உயர்கல்வி பெற வங்கிகள் துணைநிற்க வேண்டும் என்று நடுவண் நிதியமைச்சர் 2000 சூன் மாதம் பொதுத்துறை வங்கித் தலைவர்களிடம் வலியுறுத்தியதை அடுத்து, குழு வகுத்த மாதிரித் திட்டத்தை 2001 ஏப்ரல் 28 அன்று ரிசர்வ் வங்கி எல்லா வணிக வங்கிகளுக்கும் அனுப்பியது. உள்நாட்டுப் படிப்புக்கு 7.5 லட்சம் ரூபாய், வெளிநாட்டுப் படிப்புக்கு 15 லட்சம் ரூபாய் என உச்சவரம்பும், 4 லட்சம் ரூபாய் வரை பிணை வேண்டாம் என்னும் சலுகையும் அதில் இருந்தன. படிப்புக் காலமும் அதன்பின் ஓராண்டும், அல்லது வேலை கிடைத்து ஆறு மாதமும், எது முந்தியதோ அதுவரை தவணை இல்லை. பின் ஐந்து முதல் ஏழு ஆண்டுகளுக்குள் கடனை அடைக்க வேண்டும். ஓராண்டுக்குள் நிலையான மாத ஊதியம் வந்துவிடும் என்ற எண்ணத்தின்மேல் கட்டப்பட்ட இக்கால வரையறை, குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் பெறுவோருக்குப் பொருந்தாமல் போனது.

2012 திருத்தத்தில் திருப்பிச் செலுத்தும் காலம் கடன் தொகைக்கேற்பப் பத்து, பதினைந்து ஆண்டுகளாக நீண்டது. 2015 திருத்தம் அனைவருக்கும் பதினைந்து ஆண்டு என்றாக்கியது. வேலையில்லாத காலத்தையும், தகுதிக்குக் குறைந்த வேலையில் இருக்கும் காலத்தையும் கருதி, கடனின் ஆயுளில் இரண்டு மூன்று முறை தவணையை நிறுத்திவைக்கலாம் என்று எழுத்தில் வந்ததும் இத்திருத்தத்தில்தான். படிப்பு முடித்துப் புதுத்தொழில் தொடங்குவோருக்கும் அவ்வாறே அவகாசம் சேர்க்கப்பட்டது. ஆயினும் இது மாதிரித் திட்டமே. ஒவ்வொரு வங்கியும் தன் இயக்குநர் குழுவின் ஒப்புதலுடன் ஏற்று நடத்துவதாதலால், கிளைக்குக் கிளை நடைமுறை மாறுகிறது.

ஒத்திவைப்பு வகைகளுள் முதலாவது, படிப்புக் காலத்துக்கும் அடுத்த ஓராண்டுக்கும் கேட்காமலே கிடைக்கும் தொடக்க அவகாசம். இரண்டாவது, வேலையின்மைக்காக விண்ணப்பித்துப் பெறும் இடைக்கால நிறுத்தம். மூன்றாவது மறுசீரமைப்பு, அதாவது தவணைத் தொகையையும் காலத்தையும் புதிதாக வகுத்து மறு ஒப்பந்தம் செய்தல். திட்ட விதிக்கு உட்படாத மறுசீரமைப்பு பொதுவாகக் கணக்கை வாராக்கடன் நிலைக்குத் தாழ்த்திவிடும். கிளை மேலாளர்கள் இதற்குத் தயங்குவது இதனாலேயே. இவற்றோடு சேர்த்து எண்ணப்படும் ஒருமுறைத் தீர்வு, நிலுவையில் ஒரு பகுதியை ஒரே தொகையாகப் பெற்றுக் கணக்கை முடிப்பதாகும். கையில் ஒரே தொகையில்லாத உப்பளக் குடும்பத்துக்கு அதனால் பயன் சிறிதே. கடன்தகவல் அறிக்கையில் அது முழுமையாக அடைத்த கடனாகப் பதிவதும் இல்லை.

ஒத்திவைப்பின் விலை வட்டி. ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வீதம் நான்காண்டுப் பொறியியல் படிப்புக்கு 10 விழுக்காட்டு வட்டியில் கடன் பெற்ற ஒருவருக்கு, படிப்பும் அடுத்த ஓராண்டும் முடியும்போது தனிவட்டி மட்டும் 1,40,000 ரூபாய் சேர்ந்து, அசல் 5,40,000 ரூபாயாகிவிடும். இதை ஏழாண்டில் அடைப்பதாயின் மாதத் தவணை ஏறத்தாழ 8,965 ரூபாய். பதினைந்து ஆண்டில் அடைப்பதாயின் ஏறத்தாழ 5,800 ரூபாய். மாதத் தவணை குறைந்தாலும் மொத்தமாகக் கட்டும் தொகை 7.5 லட்சத்திலிருந்து 10.4 லட்சத்துக்கு ஏறுகிறது. தவணை தொடங்குமுன் மேலும் ஓராண்டு நிறுத்தம் பெற்றால் இன்னும் 54,000 ரூபாய் கூடும்.

இவ்வட்டியை அரசு ஏற்கும் திட்டம் 2009-10 கல்வியாண்டில் வந்தது. ஆண்டு வருமானம் 4.5 லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட குடும்பத்து மாணவரின் அவகாசக் கால வட்டி முழுவதையும் நடுவணரசு செலுத்தும் இத்திட்டத்தால், மேற்கண்ட 1,40,000 ரூபாய்ச் சுமை நீங்கும். வருமானச் சான்றைக் காலத்தே கிளையில் கொடுத்துக் கோரிக்கை பதிவானால்தான் மானியம் வரும். 2018-க்குப் பின் தரச்சான்று பெற்ற கல்லூரி அல்லது பாடப்பிரிவு என்ற வரம்பும் சேர்ந்ததால், சிறு தனியார் கல்லூரிகளில் படித்தோர் பலர் விடுபட்டனர். 2009 மார்ச் 31 வரை கடன் பெற்றோருக்கு, 2013 இறுதிவரை நிலுவையாயிருந்த வட்டியை அரசே ஏற்கும் என்று ப. சிதம்பரம் 2014 பிப்ரவரி இடைக்கால நிதிநிலை அறிக்கையில் அறிவித்தார். ஏறத்தாழ 9 லட்சம் பேருக்கு 2,600 கோடி ரூபாய் அளவில் பயன் கிட்டும் என்பது அப்போதைய மதிப்பீடு.

பெருந்தொற்றுக் காலத்தில் எல்லாத் தவணைக் கடன்களுக்கும் 2020 மார்ச் 1 முதல் ஆகஸ்டு 31 வரை ஆறு மாத ஒத்திவைப்பை ரிசர்வ் வங்கி அனுமதித்தது. தொடர்ந்து ஆகஸ்டு 6 அன்று வெளியிட்ட தீர்வுக் கட்டமைப்பின்கீழ், கல்விக் கடன் உள்ளிட்ட தனிநபர் கடன்களுக்கு ஈராண்டு வரை அவகாசம் நீட்டிக்க வழி பிறந்தது. ஆறு மாத வட்டியை முழுவதும் தள்ளுபடி செய்ய உச்ச நீதிமன்றம் 2021 மார்ச் 23 தீர்ப்பில் மறுத்தாலும், வட்டிக்கு வட்டி வசூலிக்கக் கூடாது என்று ஆணையிட்டது. கணக்கை வாராக்கடனாகத் தாழ்த்தாமல் தவணையை நிறுத்திவைக்க முடியும் என்பதற்கு இக்காலமே சான்று.

2020 நவம்பரில் புதுச்சேரிக்கு வடக்கே நிவர் புயலும், 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே பெஞ்சல் புயலும் கரைகடந்தபோது இக்கடற்கரை பெரும் பாதிப்புக்குள்ளானது. இயற்கைச் சீற்றத்துக்கான ரிசர்வ் வங்கியின் 2018-ஆம் ஆண்டு நெறிமுறைகள் பயிர்க் கடனை மையமாகக் கொண்டிருந்தன. மாநில வங்கியாளர் குழு மற்றக் கடன்களையும் கருதித் தீர்மானிக்கலாம் என்றிருந்தாலும், பாத்தி கரைந்த குடும்பத்தின் கல்விக் கடன் அவற்றில் தானாக இடம்பெறவில்லை. உப்பளத் தொழிலாளருக்கு மழைக்கால நிவாரணமாகத் தமிழ்நாடு அரசு அறிவித்த 5,000 ரூபாய், மேற்கண்ட கணக்கில் ஒரு மாதத் தவணைக்கும் போதாது.

கேரள அரசு 2017-இல் தொடங்கிய கடன் திருப்பிச் செலுத்தல் உதவித் திட்டத்தில், தவணையின் 90, 75, 50, 25 விழுக்காட்டை நான்கு ஆண்டுகளுக்கு முறையே அரசே செலுத்தியது. கடனாளியின் பங்கு ஆண்டுதோறும் சிறுகச் சிறுக உயரும் இம்முறையே இந்தியாவில் தோன்றிய திட்டங்களுள் சிறந்தது. தமிழ்நாட்டில் முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்கான கட்டணச் சலுகை புதிய கடனின் தேவையைக் குறைத்துள்ளது. கடன் ரத்து தேர்தல் அறிக்கைகளில் இடம்பெற்று வருகிறது. தவணையை வருவாயோடு இணைக்கும் முறைக்கு எடுத்துக்காட்டாக, ஆஸ்திரேலியாவில் 1989 முதல் வருவாய் ஒரு வரம்பைத் தாண்டிய பின்னரே தவணை பிடிக்கப்படுகிறது.

2024 நவம்பரில் நடுவணமைச்சரவை ஒப்புதல் பெற்ற பிரதமரின் வித்யாலட்சுமி திட்டம், தேர்ந்தெடுத்த உயர்கல்வி நிறுவனங்களில் படிக்கும் 8 லட்சம் ரூபாய் வரை வருமானமுள்ள குடும்பத்தாருக்கு 3 விழுக்காடு வட்டி மானியம் தருகிறது.

தவணை 90 நாளுக்கு மேல் நிலுவையானால் கணக்கு வாராக்கடனாகும். அதன்பின் ஒத்திவைப்புக் கேட்பது கடினம். எனவே முதல் தவணை தவறுமுன்பே, வேலையின்மையையும் குடும்ப வருவாய் நின்ற மாதங்களையும் குறிப்பிட்டுக் கிளைக்கு எழுத்து மூலம் விண்ணப்பித்து, தேதியிட்ட ஒப்புகை பெற்றுக்கொள்ள வேண்டும். 30 நாளில் பதில் வராவிட்டாலோ மறுப்பு நிறைவளிக்காவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம்.