முதுமையில் வாய்நலத் தன்மதிப்பீடு

முதியோர் தம் பல், ஈறு, மெல்லும் திறன், பேச்சு ஆகியவற்றின் நிலையைத் தாமே எடைபோடுவது. மருத்துவர் காண்பதும் முதியவர் உணர்வதும் பல வேளைகளில் ஒத்துப்போவதில்லை. விருதுநகர் மாவட்டத்துச் செட்டியார்பட்டி போன்ற ஊர்களில், வெற்றிலைபாக்கைச் சிற்றுரலில் இடித்தும் முறுக்கைத் தேநீரில் நனைத்தும் தின்னும் பாட்டி, “எனக்கென்ன குறை?” என்பார். பல் விழுவதை வயதின் இயல்பாக ஏற்பதே இதன் காரணம்.

இத்தன்மதிப்பீட்டை அளக்க அட்சிசன், டோலன் ஆகிய அமெரிக்க ஆய்வாளர்கள் 1990இல் வெளியிட்ட ‘கோஹாய்’ வினாநிரல் 12 வினாக்கள் கொண்டது, தமிழிலும் உண்டு. பல் விழுவது வயதின் இயல்பு என்ற எண்ணத்துக்கு மாறாக, ஜப்பான் 1989இல் தொடங்கிய ‘8020’ இயக்கத்தின் இலக்கு, 80 வயதிலும் 20 பற்கள். பல் இழப்புக்கு முதன்மைக் காரணங்கள் சொத்தையும் ஈறுநோயுமே, முதுமை அன்று.