வாய்க்கட்டும் வளர்ப்பு முத்தும்: தூத்துக்குடிக் கடற்கரையில் திறன் பற்றிய நம்பிக்கை

திறன் பிறவியிலேயே அளந்து தரப்பட்டது என்று நம்புபவர் தோல்வியைத் தீர்ப்பாகக் கொள்கிறார். பழகினால் கூடும் என்று நம்புபவர் அதையே பாடமாகக் கொள்கிறார். உளவியலாளர் கரோல் டுவெக் மாணவரிடையே ஆராய்ந்து முன்வைத்த இக்கருத்து, ஒரு தொழிலுக்கும் பொருந்தும் என்பதற்குத் தூத்துக்குடியின் முத்துக்குளித்துறை சான்று.

13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இக்கரையைக் கண்ட மார்க்கோ போலோ, பெருமீன்களை மந்திரத்தால் கட்டுவோருக்கு இருபதில் ஒரு பங்கு தரப்பட்டதாகக் குறிப்பிடுகிறார். கடல்கட்டி எனப்பட்ட இவர்களின் உரிமை, எதிர்க்கரையான இலங்கையின் அரிப்பில் 19ஆம் நூற்றாண்டிலும் ஒரே குடும்பத்திடம் இருந்ததை ஆங்கிலேய அதிகாரி எமர்சன் டென்னன்ட் பதிவுசெய்துள்ளார். இதை வெறும் மூடநம்பிக்கை என்று தள்ளுவது நியாயமன்று. கல்லின் துணையோடு, ஒரு நிமிட மூச்சை நம்பி இறங்கியவருக்கு அது துணிவு தந்தது. ஆனால் சுறாவின் வாயை மந்திரத்தால் கட்டும் இந்த வாய்க்கட்டின் ஆற்றல் குடிப்பிறப்பில் வருவது. அது பலிக்காதபோது எதைத் திருத்துவது என்ற கேள்விக்கு அங்கே இடமில்லை. அதே தோணியில் வேறோர் அறிவும் இருந்தது. சிப்பிகள் வாழும் கடலடித் திட்டுகளான பார்களுள் எதில் சிப்பி முற்றியிருக்கிறது, கயிற்றை எப்போது இழுக்க வேண்டும் என்பவை மூத்தவரிடம் பழகிப் பெற்றவை. மூச்சடக்கத்தை, இக்கரையின் கடலோடிச் சமூகமான பரதவரின் பிறவிக் குணமாகப் பேசுவோர் இந்தப் பயிற்சியைக் காணத் தவறுகின்றனர்.

பார்கள் அடிக்கடி பொய்த்தன. 1955 முதல் 1961 வரை நடந்த சலாபங்கள் எனும் முத்துக்குளிப்புப் பருவங்களுக்குப் பின் இங்கே அது பெரிய அளவில் நடக்கவில்லை. வளர்ப்பு முத்தின் நுட்பத்தையோ ஜப்பானியர் கட்டிக் காத்தனர். 1930களில் குருசடைத் தீவில் சென்னை மாகாண மீன்துறை தொடங்கிய முயற்சிகள் உருண்டை முத்தில் முடியவில்லை. அதை முடிவென்று கொள்ளாமல், மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் 1972இல் தூத்துக்குடி அருகே வேப்பலோடையில் மீண்டும் தொடங்கியது. ஒரு சிப்பியின் மேலுறைத் தசைத்துண்டை, ஓட்டால் செய்த மணியோடு சேர்த்து மற்றொரு சிப்பிக்குள் பதிக்க வேண்டும். மணியை உமிழும் சிப்பியும் சாகும் சிப்பியும் அடுத்த பதிப்பைத் திருத்தும் தகவல்களாகின்றன. 1973 ஜூலையில் அந்நிறுவன அறிவியலாளர் கே. அழகர்சாமியின் கையில் முத்து கிடைத்தது. பார் பொய்த்தால் சிப்பிக்கு எங்கே போவது என்ற கேள்விக்கு, 1981இல் பொரிப்பகத்தில் சிப்பிக் குஞ்சுகளை உருவாக்கி அந்நிறுவனம் விடை கண்டது. முன்னோர் கடலின் போக்கென்று பொறுத்துக்கொண்டது, ஆய்வுக்குரிய வினாவாயிற்று.

சாதித்தது ஆய்வகமும் அரசுப் பணமும்தானே, நம்பிக்கை எங்கே வந்தது என்று கேட்கலாம். நம்பிக்கை மட்டும் போதாது என்பது உண்மையே. திறன் பழகினால் கூடும் என்ற நம்பிக்கையை ஊட்டி, அமெரிக்காவில் ஏறத்தாழ 12,000 ஒன்பதாம் வகுப்பு மாணவரிடம் நடந்து 2019இல் வெளியான ஆய்வில், பின்தங்கியோரின் மதிப்பெண் சிறிதளவே உயர்ந்தது. அதுவும் சகமாணவர் போக்கு துணைநின்ற பள்ளிகளில்தான் கூடுதல். ஆனால் வசதி, முயற்சிக்கு வழிதான் தரும். முதல் தோல்விக்குப் பின் முயல்வதா என்பதை நம்பிக்கையே முடிவுசெய்கிறது. இந்தியா இன்னும் ஜப்பானைப் போல முத்து நாடாகவில்லையே என்பது அடுத்த தடை. ஜப்பானின் காற்றடங்கிய விரிகுடாக்கள் இத்திறந்த கரைக்கு வாய்க்கவில்லை. நம்பிக்கை கடலை மாற்றாது. கடலிடம் கேட்கும் கேள்வியை மாற்றும்.

ஆகவே கடலோடிகளின் பிள்ளைகளை, நீச்சல் அவர்களுக்குப் பிறவியிலேயே வந்தது என்று புகழும்போதும் நாம் ஒன்றை மறைக்கிறோம்: அதைக் கற்றுக்கொடுத்தவர்களையும், அவர்கள் கற்ற விதத்தையும். கடலைக் கற்ற பிள்ளை கணக்கையும் கற்கும் என்பதற்கு அந்த விதமே ஆதாரம்.