1990ஐ அழைத்தால் மட்டும் போதுமா?

அம்பாறை மாவட்டத்தின் சனத்தொகை 2001இல் சுமார் 5 இலட்சத்து 93 ஆயிரம். 2012 கணக்கெடுப்பில் அது சுமார் 6 இலட்சத்து 49 ஆயிரமாக உயர்ந்தது. கல்முனை முதல் பொத்துவில் வரை புதிய வீடுகளும் ஒழுங்கைகளும் பெருகிவிட்டன. அவற்றுள் பலவற்றுக்குப் பெயர்ப்பலகை இல்லை.

மாவட்டம் ஒன்றாயினும் சுகாதார நிர்வாகத்தில் அம்பாறை, கல்முனை என இரு பிராந்தியங்கள் உள்ளன. இவற்றின் கீழ் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகள் இயங்குகின்றன. இலங்கையில் இம்முறை 1926இல் களுத்துறையில் ஆரம்பமானது. டெங்கு, தடுப்பூசி, உணவகச் சுத்தம், கர்ப்பிணித் தாய்மார் பராமரிப்பு ஆகியவற்றுக்கு நாம் நாட வேண்டியது இப்பணிமனையையே.

உயிராபத்து என்றால் 1990. இந்திய அரசின் நன்கொடையில் 2016 ஜூலையில் மேல், தென் மாகாணங்களில் 88 வண்டிகளுடன் 'சுவசெரிய' ஆரம்பமானது. 2018 ஜூலையில் யாழ்ப்பாணத்தில் இரண்டாம் கட்டம் தொடங்கி, பின்னர் ஒன்பது மாகாணங்களுக்கும் விரிந்தது. சேவை முற்றிலும் இலவசம். சாரதியுடன் பயிற்சி பெற்ற அவசர மருத்துவ உதவியாளரும் வருவார். நெஞ்சுவலி வந்தவரையும் விபத்தில் முதுகெலும்பு அடிபட்டவரையும் முச்சக்கர வண்டியில் திணித்துக் கொண்டு ஓடுவதை விட இது பாதுகாப்பானது.

ஆனால் அழைப்புக்குப் பதிலளிப்பவர் மத்திய நிலையத்தில் இருப்பவர். "பள்ளிக்குப் பின்னால், ஹாஜியார்ட வளவுக்குப் பக்கத்தில" என்றால் அவருக்கு எப்படி விளங்கும்? ஊரில் எத்தனை பள்ளிகள், எத்தனை ஹாஜிமார்! வண்டி பிரதான வீதிக்கு வந்த பிறகும் வீட்டைத் தேடுவதில் பெறுமதியான நிமிடங்கள் வீணாகின்றன.

எனவே அழைக்கும்போது ஊர், வீதி, வீட்டு இலக்கம், அருகிலுள்ள பாடசாலை அல்லது பள்ளிவாசலின் முழுப்பெயர், நோயாளியின் நிலை ஆகியவற்றை நிதானமாகச் சொல்லுங்கள். தொலைபேசியைத் துண்டிக்க அவசரப்படாதீர்கள். ஒருவரைச் சந்தியில் நிறுத்துங்கள். இரவாயின் வெளிவிளக்கைப் போடுங்கள். கிளினிக் போவதற்கு 1990ஐ அழைக்காதீர்கள். அந்நேரம் வேறொருவரின் உயிர் காத்திருக்கலாம்.

மீதி, உள்ளூராட்சி சபைகளின் கடமை. ஒவ்வொரு ஒழுங்கைக்கும் மும்மொழிப் பெயர்ப்பலகையும் ஒவ்வொரு வீட்டுக்கும் இலக்கமும் வேண்டும். இது பெருந்தொகை கேட்கும் திட்டமல்ல. பள்ளிவாசல் நிர்வாகங்களும் கிராம உத்தியோகத்தர்களும் கைகொடுத்தால் சில மாதங்களில் முடிக்கலாம். அடுத்த தேர்தலில் வாக்குக் கேட்டு வருவோரிடம் முதலில் இதைக் கேட்போம்.